பூப்பெயரின் வேரைத் தேடுவது எப்படி? ஆவாரை முதல் கண்ணுப்பிள்ளை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு பூவின் பெயரைச் சொல்லி "இது எப்படி வந்தது?" என்று கேட்டால், கேட்டவர் உடனே சொல்லைப் பிரிக்க ஆரம்பித்துவிடுவார். செவ்வந்தியா? செம்மை + அந்தி. நந்தியாவட்டையா? நந்தி + வட்டம். காதுக்கு இனிமையாக இருக்கும், ஆனால் இரண்டுமே தவறு.

காரைக்குடி, பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கம் பள்ளிப் பிள்ளைகளையும் ஆர்வமுள்ள பெரியவர்களையும் சேர்த்துக்கொண்டு பூப்பெயர்களைத் திரட்டி வருகிறேன். புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். ஆறாவதாகச் செய்ய வேண்டிய வேலையை முதலில் செய்துவிடுகிறார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். எல்லாப் படிக்கும் ஆவாரையையே உதாரணமாக எடுத்திருக்கிறேன். செட்டிநாட்டுச் செம்மண்ணில் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை, ஊருணிக் கரையில் நின்றாலே கண்ணில் படும்.

தொடங்கும் முன் வேண்டியவை

ஒரு நோட்டு, பென்சில், படம் எடுக்க ஒரு செல்பேசி, ஒரு சிறிய அளவுகோல் போதும். நோட்டில் ஒரு பூவுக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். இடப்பக்கத்தில் கண்டதும் கேட்டதும் மட்டும் வரட்டும், வலப்பக்கத்தில் நூல்களில் கிடைத்தது வரட்டும். இரண்டையும் கலந்து எழுதினால், ஆச்சி சொன்னது எது, அகராதி சொன்னது எது என்று ஒரு மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது.

அகராதிகளை விலை கொடுத்து வாங்க வேண்டாம். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகனும், வின்சுலோ, பெப்ரிசியஸ் அகராதிகளும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணைய அகராதித் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கின்றன. நிகண்டுகளையும் சங்க நூல்களையும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் பார்க்கலாம். பழைய அச்சு நூலையே நேரில் பார்க்க வேண்டுமென்றால் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அந்தச் சேகரிப்புக்கு அடித்தளம் போட்டவர் நம் பக்கத்துக் கோட்டையூர்க்காரர்.

கடைசியாக, அந்தச் செடியோடு வாழ்ந்த ஒரு பெரியவர் வேண்டும். இவர் கிடைக்காத பூவை எடுக்காதீர்கள், வேறு பூவுக்குப் போங்கள்.

1. முதலில் செடியை உறுதி செய்யுங்கள்

பெயர் ஒன்று, செடி வேறு என்றாகிவிட்டால் அதற்குப் பிறகு செய்யும் எல்லா வேலையும் வீண். மஞ்சள் பூ என்பதை மட்டும் வைத்துச் சரக்கொன்றையையும் தகரையையும் பொன்னாவாரையையும் ஆவாரை என்று படம் எடுத்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லாம் ஒரே குடும்பம், ஆனால் ஒரே செடி அல்ல.

ஆவாரையைப் பிடிக்க ஒரு நல்ல அடையாளம் உண்டு. இலைக்காம்பு தண்டில் சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே சின்னக் காது மடல் போல வட்டமான இலைச்செதில் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். விரலால் நிமிர்த்திப் பார்த்தால் காதேதான். காய் தட்டையாக, காய்ந்ததும் காகிதம் போல மெல்லியதாகப் பழுப்பாகும். காதும் தட்டைக் காயும் இருந்தால் ஆவாரை.

பூவை மட்டும் படம் எடுக்காதீர்கள். இலை, இலையடி, காய், முழுச் செடி, நிற்கும் இடம் என்று ஐந்து படம் எடுங்கள். பெயர் வைத்தவர் பூவைத்தான் பார்த்து வைத்தார் என்று எந்த உறுதியும் இல்லை. செங்காந்தளைக் கலப்பைக் கிழங்கு என்றும் சொல்வார்கள். அந்தப் பெயரை வைத்தவர் பார்த்தது மண்ணுக்குள் கலப்பை போல வளைந்து கிடக்கும் கிழங்கை. அதே செடிக்குக் கார்த்திகைப் பூ என்று பெயர் வைத்தவர் மாதத்தைப் பார்த்தார். கிழங்கைத் தோண்டிப் பார்க்க ஆசைப்பட்டால் கையைக் கழுவாமல் வாயருகே கொண்டு போகாதீர்கள். அது கொல்லும் நஞ்சு. அரளிக்கும் இதே எச்சரிக்கைதான்.

2. வாயில் வழங்கும் பெயரைக் கேளுங்கள், நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள்

பிள்ளைகள் செய்யும் தவறு இது. பூவை நீட்டி, "ஆச்சி, இது ஆவாரம்பூ தானே?" என்பார்கள். ஆச்சி "ஆமப்பா" என்பார். அதோடு முடிந்தது. ஆச்சியிடமிருந்து எதுவும் வரவில்லை, நம் சொல்லைத்தான் நமக்கே திருப்பித் தந்தார்.

இப்படிக் கேளுங்கள்: "ஆச்சி, சின்ன வயசுல இதை என்னன்னு சொல்வீங்க? எதுக்குப் பறிப்பீங்க?" இரண்டாவது கேள்விதான் முக்கியம். பயன்பாடு தெரிந்தால் பெயரின் காரணம் தானாக வெளியே வரும். இந்தக் கேள்வியைக் கேட்டபோது வீட்டுப் பட்டாசாலையில் உட்கார்ந்திருந்த ஓர் ஆச்சி பிள்ளையார் நோன்பிலிருந்து ஆரம்பித்தார். திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாள், 21 நூலிழை, மாவில் பிடித்த பிள்ளையார், பக்கத்தில் ஆவாரங்கொத்து. கூடவே இன்னொரு பூவையும் சொன்னார்: கண்ணுப்பிள்ளை.

என்னோடு வந்த மாணவி அதைக் 'கண்பூளை' என்று திருத்தி எழுதினாள். அழிக்கச் சொன்னேன். கேட்ட ஒலியை அப்படியே எழுத வேண்டும். பூளை, பீளை, பிள்ளை என்று ஒலி மாறி வந்த வழிதான் நாம் தேடும் பொருள். அதை நாமே திருத்திவிட்டால் தடம் அழிந்துபோகும்.

மூன்று பேரிடமாவது கேளுங்கள், அவர்கள் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்கக் கூடாது. வீட்டு வளவில் இருக்கும் ஆச்சி, சந்தையில் பூக்கட்டும் அக்கா, ஆடு மேய்க்கும் ஐயா மூவரும் ஒரே செடியை மூன்று விதமாகப் பார்ப்பார்கள். ஆச்சிக்குக் கண்ணுப்பிள்ளையாக இருப்பது வேறு ஊர்களில் பொங்கல்பூ, கூரைப்பூ. தை பிறக்கும்போது வேப்பிலையோடும் ஆவாரம்பூவோடும் சேர்த்துக் கூரையில் செருகுவதால் அந்தப் பெயர்.

3. செடி இந்த மண்ணுக்கு எப்போது வந்தது என்று பாருங்கள்

புதியவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுவார்கள். செய்ய ஐந்து நிமிடம்தான் ஆகும், ஆனால் பெரிய பிழைகளை இதுதான் தடுக்கிறது.

அந்திமந்தாரை அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி. காகிதப்பூவும் அங்கிருந்துதான். துலுக்கச் சாமந்தி மெக்சிகோ பக்கத்துச் செடி. ஆகவே இவற்றின் பெயரைச் சங்க நூலில் தேடுவதில் பயனில்லை. கிடைத்தாலும் அது வேறு செடியாகத்தான் இருக்கும்.

வெளியிலிருந்து வந்த செடிக்கு நம் மக்கள் பெயர் வைக்கும் முறை அழகானது. தெரிந்த ஒரு பூவின் பெயரை எடுத்து, முன்னால் ஓர் அடையைச் சேர்ப்பார்கள். மந்தாரை முன்பே இருந்த பெயர். புதிதாக வந்தது மாலையில் விரிந்ததால் அந்திமந்தாரை ஆனது. சாமந்தி தெரிந்த பூ, வெளியிலிருந்து வந்தது துலுக்கச் சாமந்தி. 'சீமை', 'துலுக்க' என்ற அடைகளைக் கண்டால் செடி வெளியிலிருந்து வந்தது என்று முதலில் சந்தேகப்படுங்கள். சீமைக்கருவேலம் அதற்கு நம் கண்மாய்களில் நிற்கும் சாட்சி.

டிசம்பர் பூ, பத்துமணிப்பூ என்ற பெயர்கள் பூக்கும் காலத்தைப் பார்த்து வைத்தவை. ஒன்றுக்கு மாதம், இன்னொன்றுக்குக் கடிகாரம். பத்துமணிப்பூ வெயில் ஏறியதும் விரியும்.

ஆவாரைக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது இந்த நிலத்துச் செடி.

4. நூல்களில் பின்னோக்கிப் போங்கள்

புதிய நூலில் தொடங்கிப் பழைய நூலுக்குப் போவதுதான் சரியான திசை. பழையதில் தொடங்கினால் பெயர் ஒத்துப்போகிற முதல் இடத்திலேயே மனம் ஒட்டிக்கொள்ளும்.

முதலில் தமிழ் லெக்சிகன் (1924–1936). சொல்லுக்குப் பக்கத்திலேயே மூலச்சொல் தரப்பட்டிருக்கும். வடமொழியா, உருதுவா, போர்த்துகீசியமா என்று அங்கே தெரிந்துகொள்ளலாம். புதியவர்கள் பொருளை மட்டும் படித்துவிட்டு அந்தக் குறியை விட்டுவிடுகிறார்கள். அடுத்து வின்சுலோ (1862), அதற்கும் முன் பெப்ரிசியஸ் (1779). பிறகு நிகண்டுகளில் மரப்பெயர்த் தொகுதி. கடைசியில் சங்க நூல்கள்.

பூப்பெயருக்குச் சங்க நூல்களில் முதலில் பார்க்க வேண்டியது கபிலரின் குறிஞ்சிப்பாட்டு. ஒரே இடத்தில் 99 பூக்கள் வரிசையாக வருகின்றன என்று எண்ணுவது வழக்கம். நம் ஆவாரை அங்கே 'ஆவிரை' என்று இருக்கிறது. ஆச்சியின் கண்ணுப்பிள்ளைக்கு மூலமான பூளையும் 'குரீஇப்பூளை' என்று இருக்கிறது. பட்டாசாலையில் கேட்ட சொல்லைப் பழம்பாட்டில் கண்ட அன்று அந்த மாணவியின் முகம் மலர்ந்ததை மறக்க முடியாது.

ஆனால் இங்கே ஒரு பள்ளம் உண்டு. பழைய சொல்லுக்கு இன்றைய பொருளைக் கொடுத்துவிடாதீர்கள். அதே வரிசையில் 'நள்ளிருள்நாறி' என்று ஒரு பூ வருகிறது. படித்ததும் மூக்கைப் பிடிக்கத் தோன்றும். அந்தக் காலத்தில் நாறுதல் என்றால் மணத்தல். நள்ளிரவில் மணக்கும் பூ என்பதுதான் பொருள், இருவாட்சியைக் குறிக்கும் என்பது உரை.

இன்னொரு பள்ளம், ஒரே ஒலியில் இரு சொற்கள் இருப்பது. நம் அடுக்களையில் 'மல்லி எடு' என்றால் தனியா வரும், பூக்கடையில் மல்லி என்றால் பூ வரும். அகராதியில் எந்தப் பொருளுக்குரிய விளக்கத்தைப் படிக்கிறீர்கள் என்று விரல் வைத்துப் பாருங்கள்.

5. அண்டை மொழிகளைக் கேளுங்கள்

மலையாளம், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் அந்தப் பூவுக்கு என்ன பெயர் என்று எழுதுங்கள். பரோ, எமனோ இருவரும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி (முதல் பதிப்பு 1961, இரண்டாம் பதிப்பு 1984) இதற்கு உதவும். அதுவும் மேலே சொன்ன சிகாகோ தொகுப்பில் இருக்கிறது.

ஆவாரைக்கு மலையாளத்தில் ஆவிரம், கன்னடத்தில் ஆவரிகெ. தெலுங்கு மட்டும் தங்கேடு என்று தனி வழி போகிறது. தமிழோடு சேர்த்து மூன்று மொழியில் ஒரே வேர் இருந்தால் அந்தச் சொல் நம் ஊர்க் கதையில் பிறந்திருக்க முடியாது, அதற்கும் முந்தையது. அடுத்த படியில் இந்த உண்மைதான் உங்களைக் காப்பாற்றும்.

6. இப்போது பிரியுங்கள்

இந்தப் படியில் நிதானமாக இருங்கள். பிரிப்பதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு.

*முதலில் ஒட்டியவற்றைக் கழற்றுங்கள்.* 'ஆவாரம்பூ'வில் பூவை எடுத்தால் 'ஆவாரம்' மிஞ்சும். அதை ஆ + வாரம் என்று உடைக்கக் கூடாது. தாழை + அம் + பூ = தாழம்பூ, புளி + அம் + பூ = புளியம்பூ, எலுமிச்சை + அம் + பழம் = எலுமிச்சம்பழம். இங்கே வரும் 'அம்' சாரியை. அதைக் கழற்றி, கெட்டுப்போன ஐகாரத்தைத் திருப்பி வைத்தால் 'ஆவாரை' கிடைக்கும். இதைச் செய்யாமல் பிரித்த எந்தப் பூப்பெயரையும் நம்பாதீர்கள்.

*அடுத்து, ஒலி மாற்றத்தைத் திருப்புங்கள்.* நம் பக்கம் பிச்சிப்பூ என்கிறோம். படித்ததைப் 'படிச்சது' என்று சொல்லும் அதே நாக்குத்தான் பித்தியைப் பிச்சி ஆக்கியது. பழைய பெயர் பித்திகம், அதுவும் குறிஞ்சிப்பாட்டு வரிசையில் உண்டு. இது தெரியாமல் பிச்சைக்கும் பிய்ப்பதற்கும் முடிச்சுப் போட்ட விளக்கங்களைக் கேட்டிருக்கிறேன். அரளியில் எழுத்து இடம் மாறியிருக்கிறது. அலரி என்பதே அகராதி தரும் வடிவம், தசை 'சதை' ஆனது போல. அலர்தல் என்றால் மலர்தல். அரளியை எவ்வளவு பிரித்தாலும் இது கிடைக்காது, அலரி என்று திருப்பி வைத்த பிறகுதான் கண்ணில் படும்.

*மூன்றாவது, கிடைத்த பிரிப்பைச் சோதியுங்கள்.* இரண்டு சோதனை போதும். பிரித்த பொருள் கையில் இருக்கும் பூவோடு ஒத்துப்போகிறதா? அதே பெயர் அண்டை மொழியில் இருந்தால், உங்கள் பிரிப்பு அங்கேயும் பொருள் தருகிறதா?

செவ்வந்தியைச் சோதிப்போம். நாம் அதிகம் பார்ப்பது மஞ்சளும் வெள்ளையும், செம்மை இல்லை. அந்தியில் விரிவதும் இல்லை. கன்னடத்தில் சேவந்திகே, மராத்தியில் சேவந்தி. அங்கே செம்மைக்கும் அந்திக்கும் இடமே கிடையாது. ஆக, சேவந்தி என்ற வடசொல்லைத் தமிழ்க் காது தனக்குப் பழகிய ஒலியில் செவ்வந்தி ஆக்கிக்கொண்டது. ஒரு பள்ளித் தோட்டத்தில் 'சிவந்த அந்தி' என்று பலகையே எழுதி நட்டிருந்தார்கள். சொல்லியும் மாற்ற மனம் வரவில்லை. அதைப் படித்து வளர்ந்த பிள்ளைகள் இன்றும் என்னிடம் அதையே சொல்கிறார்கள். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம்.

நந்தியாவட்டைக்கு ஒரு பூவைப் பறித்து உள்ளங்கையில் வையுங்கள். ஐந்து இதழும் ஒரே பக்கமாகத் திரும்பி, காற்றாடி போலச் சுழன்று நிற்கும். பழைய வடிவம் நந்தியாவர்த்தம். ஆவர்த்தம் என்றால் சுழி. சிவன் கோயிலுக்குப் போகிற பூ என்பதால் நந்தி வந்து உட்கார்ந்துகொண்டார், சுழி மறந்துபோனது. பூவைக் கையில் எடுத்த யாருக்கும் அந்தச் சுழி தெரியும், அதனால்தான் முதல் படியைச் செடியோடு வைத்தேன்.

ஜாதிமல்லி இன்னொன்று. 'உயர்ந்த ஜாதி மல்லி' என்று பூக்கடையிலேயே விளக்கம் கிடைக்கும். வடமொழியில் ஜாதீ என்பதே அந்த மல்லிகையின் பெயர். குலத்துக்கும் ரகத்துக்கும் அதில் வேலை இல்லை.

கனகாம்பரம் நேரானது: கனகம் பொன், அம்பரம் ஆடை. சங்குப்பூ இன்னும் நேர், பார்த்தாலே தெரியும். அதன் பழைய பெயர் கருவிளை. வெள்ளைப் பூ பூப்பது செருவிளை.

*நான்காவது, நிற்கத் தெரிய வேண்டும்.* ஆவாரையைப் பின்னோக்கிக் கொண்டுபோனால் ஆவிரை வரும், அண்டை மொழியிலும் அதே வேர் வரும். அங்கே நில்லுங்கள். ஆ + விரை என்று பிரித்துப் 'பசுவுக்கு மணம்' என்று பொருள் சொல்வது பூவோடும் பொருந்தவில்லை, வழக்கோடும் பொருந்தவில்லை. 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்ற பழமொழியிலிருந்து பெயர் வந்தது என்பாரும் உண்டு. ஆவாரை, சாவாரை என்று எதுகைக்காகக் கட்டியது பழமொழி. பெயர் இருந்ததால்தான் எதுகை அமைந்தது.

ஊர்ப்பெயரிலும் இதே சறுக்கல் வரும். காரைக்குடி என்றதும் சுவரின் சுண்ணாம்புக் காரையைக் கைகாட்டுவார்கள். காரை என்று முள்செடி ஒன்று இருப்பதைச் செடியைப் பார்த்தவர்தான் சொல்வார். இலுப்பைக்குடிக்கு யாரும் சந்தேகப்படுவதில்லை, ஏனென்றால் இலுப்பையை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள்.

7. லத்தீன் பெயருக்குத் தனி இடம் ஒதுக்குங்கள்

தாவரவியல் பெயர் வேறொருவர் வேறொரு காரணத்துக்காக வைத்தது. அதைத் தமிழ்ப் பெயரின் மூலமாகக் காட்டாதீர்கள். ஆனால் விடவும் வேண்டாம். ஆவாரையின் பெயரில் வரும் 'ஆரிகுலேட்டா' என்றால் காதுடையது. முதல் படியில் நீங்கள் விரலால் நிமிர்த்திப் பார்த்த அதே காது. 1753இல் லின்னேயஸ் காசியா பேரினத்தில் வைத்த இந்தச் செடியைப் பின்னால் சென்னா பேரினத்துக்கு மாற்றிவிட்டதால், பழைய நூலில் ஒரு பெயரும் புதியதில் ஒரு பெயரும் இருக்கும். செடி ஒன்றேதான்.

சில லத்தீன் பெயர்களுக்குள் நம் சொல்லே ஒளிந்திருக்கும். மகிழம்பூவின் பெயரில் வரும் 'எலெங்கி' மலையாளக் கரையில் வழங்கிய பெயர். நம் பழைய 'இலஞ்சி'யோடு சேர்த்துப் பாருங்கள். சில ஆள் பெயர்கள்: காகிதப்பூவின் பூகெய்ன்வில்லா ஒரு பிரெஞ்சுக் கடலோடியின் பெயர். சில இடப் பெயர்கள்: சங்குப்பூவின் 'டெர்னேட்டியா' இந்தோனேசியாவின் டெர்னேட் தீவு.

8. எழுதி வைக்கும் முறை

ஒவ்வொரு வரிக்கும் முன்னால் மூன்றில் ஒன்றைப் போடுங்கள்: 'உறுதி', 'இடமுண்டு', 'கதை'. கதையை அழிக்க வேண்டாம். மக்கள் அதை நம்பினார்கள் என்பதும் ஒரு செய்திதான். உறுதியோடு அதைக் கலப்பதுதான் தவறு.

ஆவாரைக்கு என் நோட்டில் இருப்பது இது:

உறுதி: ஆவாரம்பூ = ஆவாரை + அம் + பூ. பழைய வடிவம் ஆவிரை. மலையாளத்தில் ஆவிரம், கன்னடத்தில் ஆவரிகெ. செட்டிநாட்டில் பிள்ளையார் நோன்புக்கு எடுப்பது.
கதை: ஆ + விரை. பழமொழியிலிருந்து பெயர் வந்தது என்பது.

கண்ணுப்பிள்ளைக்கு:

உறுதி: பூளை என்பது பழைய பெயர். இலவம்பஞ்சு மரத்துக்கும் அதே பெயர் உண்டு. செடியின் கதிரும் வெள்ளைப் பஞ்சு போலவே இருக்கும்.
இடமுண்டு: கண்ணில் கட்டும் வெள்ளைப் பீளை போல இருப்பதால் பூளை 'கண்ணுப்பீளை' என்று மாறியிருப்பது.
கதை: கண்ணான பிள்ளைக்கு ஆகும் பூ என்பது.

எழுதி முடித்ததும் முதலில் பெயர் சொன்னவரிடமே திரும்பிப் போய் வாசித்துக் காட்டுங்கள். இதற்காகவே பக்கத்தின் அடியில் நான்கு வரி காலியாக விடுங்கள். நான் வாசித்தபோது ஆச்சி கடைசி வரியில் கையை உயர்த்தி நிறுத்தினார். "கதைன்னு போட்டுட்டியே, சரி. அதை எனக்குச் சொன்னது எங்க அப்பத்தா. அவுக பேரையும் ஊரையும் சேத்து எழுதிக்க." எழுதிக்கொண்டேன். காலி விட்ட நான்கு வரியில் இரண்டு அதற்கே போயிற்று.